மூன்றுக்குப் பிறகு ஏழு

எனக்குத் தொண்டை பெரிது. சவுதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனில் பேசும்போது, "நீ போன வச்சிட்டே பேசு, இங்கிட்டு நல்லாவே கேக்குது" என்பார். புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு ஃபைல் கேட்டுக் குரல் கொடுத்தால், பக்கத்து செக்‌ஷனில் இருந்தும் ஒருவர் எழுந்து வருவார். இந்தத் தொண்டையால் எனக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. ஒரே ஒரு முறை இதனால் இன்னொருத்திக்குக் கெட்ட பெயர் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அறந்தாங்கியில் எங்கள் வீட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. அதன் ஓரத்தில் சிமெண்டுத் தளம் போட்ட கூடைப்பந்து ஆடுகளம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், வேலை முடிந்து வீடு திரும்பினால் பேச ஆள் கிடையாது. சுவரோடு பேசலாம், அல்லது டிவியோடு. அதற்குப் பதிலாக மைதானத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பெண்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வளையத்துக்குள் பந்து போனால் நல்லது, போகாவிட்டால் கெட்டது, அவ்வளவுதான் தெரியும். ஒரு வாரத்தில் யார் நன்றாக ஆடுகிறாள் என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

நன்றாக ஆடியவள் ஒருத்திதான். இடது கைக்காரி. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம். புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பந்து அவள் கைக்கு வந்தால் மற்றவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பது போலவும் அவள் மட்டும் நடந்து போவது போலவும் இருக்கும். அவள் வீட்டில், "போதும் ஆத்தா, கல்யாணம் பண்ற வயசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்ததால் விட்டு வைத்திருந்தார்கள்.

காலையில் அவளும் நானும் ஒரே பஸ். அறந்தாங்கியிலிருந்து ஏழு நாற்பதுக்குப் புறப்படும் வண்டி. அவள் ஊர் டவுன் பஸ் ஏழு முப்பத்தெட்டுக்குத்தான் நிலையத்துக்குள் நுழையும். அதற்குள் எங்கள் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் என் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் போட்டு வைப்பேன். யாராவது பையைத் தூக்கினால், "ஆள் வருது" என்பேன். என் குரலுக்குப் பயந்து பையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த வண்டிக்கே அவள்தான் சொந்தப் பிள்ளை. தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர், கூட்டுறவு வங்கிக்காரர், கண்டக்டர், எல்லோரும் போட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். வெளியூர் ஆட்டமென்றால் வேன் பிடித்துப் போவோம். ஒரு தடவை விராலிமலையில் ஆடிவிட்டுத் திரும்பும்போது கொடும்பாளூர் தாண்டி வேன் பஞ்சர். ரோட்டோரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அவள் சொன்னாள்: "போர்டை எல்லாம் நான் பாக்குறதே இல்லக்கா. ஒங்க குரலு கேட்டாத்தான் எனக்கு நேரம் தெரியுது."

அது வெறும் பாராட்டு இல்லை. எங்கள் மைதானத்தில் நேரம் காட்டும் எலக்ட்ரானிக் பலகை வாடகைக்கு வருவது. அதை வைக்கும் இடத்தில் சாயங்கால வெயில் நேராக அடிக்கும். எண்கள் தெரியாது. நேரம் குறிப்பவரின் மேஜையில் ஒரு சின்ன கடிகாரம் உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்தால் தெளிவாகத் தெரியும். அங்கே உட்கார்வது நான். கடைசிப் பத்து விநாடியை நான் உரக்க எண்ணுவேன், கூட்டம் கூடவே எண்ணும். இது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது.

அதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. பந்து வெளியூர் அணியிடம் இருந்தால் வேகமாக எண்ணுவோம். நேரம் போய்விட்டதென்று பதறி, எங்கிருந்தாவது வீசிவிடுவார்கள். பந்து எங்கள் பெண்கள் கைக்கு வந்த அந்த நொடியே எண்ணிக்கை நேர்மைக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்று வரை ஓட்டியிருப்பேன், பந்து கை மாறியதும் கடிகாரத்தைப் பார்த்துக் கூசாமல் "ஏழு" என்று ஆரம்பிப்பேன். கூட்டம் சிரித்துக்கொண்டே "ஆறு" என்று தொடரும். மூன்றுக்குப் பிறகு ஏழு வரும் ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான் என்று கண்டக்டர் பெருமையாகச் சொல்வார். எதிரணிக் கோச்சுகள் நடுவரிடம் புகார் சொல்வார்கள். நடுவர் என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

போன ஐப்பசியில் எங்கள் ஊரிலேயே நடந்த போட்டி. இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து வெளியூர் அணியிடம். கடிகாரம் பத்துக்கு வந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"பத்து, ஒம்பது, எட்டு, ஏழு..."

வழக்கம்போல வேகம். பதறிப்போன ஒரு பெண் தூரத்திலிருந்து வீசினாள். வளையத்தில் பட்டுத் தெறித்தது. நம்மவள் எகிறி இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தாள். அப்போது நான் மூன்றில் இருந்தேன். ஏழுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, கடிகாரமும் தெரியவில்லை. "ரெண்டு, ஒண்ணு, ஜீரோ!" என்று கத்தினேன். ஊரே கூடக் கத்தியது. அவள் பந்தைத் தலைக்கு மேல் வானத்தில் வீசிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

நடுவர் விசில் ஊதவில்லை. இன்னும் நான்கு விநாடி பாக்கி. வெளியூர்ப் பெண்களில் ஒருத்திக்கு மட்டும் எங்கள் எண்ணிக்கை மேல் நம்பிக்கை இல்லை போலும். கீழே வந்த பந்தைப் பிடித்தாள், திரும்பினாள், போட்டாள். அதன் பிறகுதான் விசில். ஒரு புள்ளியில் தோற்றோம்.

திங்கட்கிழமை பஸ் கிளம்பும் முன்பே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"விசில் வராம பந்தத் தூக்கிப் போடலாமா? சின்னப் புள்ள கூடப் போடாதுங்க" என்றார் தபால் ஆபீஸ்காரர்.

"கோச்சத்தான் சொல்லணும்" என்றார் வங்கிக்காரர். "டைம் அவுட் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அத எதுக்கு வச்சிருந்தாரு, ஊறுகா போடவா?"

"வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதே வெயிலுதான மத்தவளுக்கும்?"

கண்டக்டர் டிக்கெட் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நான் விசில் குடுக்காம இந்த வண்டி நகருமா? விசிலுன்னா விசிலு. கப்பு கையில இருந்துச்சு, அதைக் கொண்டுபோய் ஆகாசத்துல போட்டுருச்சு அந்தப் பிள்ள."

நான் சும்மா இருந்தேனா? இல்லை. எல்லோரையும் விட உரக்கச் சொன்னேன்: "அத்தன வருஷம் ஆடுனவளுக்கு விசிலுக்கு நிக்கத் தெரிய வேணாமா? ஊரு மானத்த வாங்கிட்டா." சொல்லிவிட்டுத் திரும்பினால், அவள் என் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை. அன்று நான் பையை என் மடியில்தான் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டை வரை ஒரு மணி நேரம் அவள் நின்றுகொண்டே வந்தாள். மறுநாள் அவள் அந்த வண்டிக்கு வரவில்லை. ஆறு ஐம்பது வண்டியில் போகிறாள் என்று கண்டக்டர் சொன்னார்.

எங்கள் வண்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அந்தக் கடைசி நிமிஷத்தை யாரோ போனில் எடுத்து அதில் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பார்கள். வண்டி இரைச்சலில் படம்தான் தெரியும், சத்தம் கேட்காது. பந்து மேலே போவதும் கீழே வருவதும் தெரியும், அவள் கையை விரித்து ஓடுவது தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கோபப்பட்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைச் சத்தத்தோடு போட்டேன். ஊர்ச் சத்தத்துக்கு மேலே ஒரே ஒரு குரல் தனியாகக் கேட்டது. மூணு. ரெண்டு. ஒண்ணு. ஜீரோ. யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு விசில் வரும் வரை எண்ணிப் பார்த்தேன். நான்கு. திரும்பப் போட்டேன். அப்போதும் நான்குதான். அவள் அவசரப்படவில்லை. பந்து தன் கைக்கு வந்துவிட்டால் என் எண்ணிக்கை பொய் சொல்லாது என்று எங்கள் மைதானத்தின் சட்டத்தை நம்பினாள். சட்டம் போட்டது நான், மீறியதும் நான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக, அவளை ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியும் விட்டேன்.

இதைத் தெரிந்துகொண்ட மறுநாளே போய்ச் சொல்லியிருந்தால் நான் யோக்கியமானவள். நான் அப்படியில்லை. இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் பேச்சு வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உடம்பு சரியில்லையா என்று வங்கிக்காரர் இரண்டு முறை கேட்டார். வண்டியில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் என்னோடு சேர்ந்து எண்ணியவர்கள். ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. கோச்சு, வெயில், நடுவர், முதல் பாதியில் தவறிய இரண்டு ஃப்ரீ த்ரோ, எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கிவிட்டுக் கடைசியில் அவளிடமே வந்து நிற்பார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் எனக்குத் தெரிந்துபோய்விட்டது.

பிறகு ஒரு நாள் தபால் ஆபீஸ்காரர் செய்தி கொண்டுவந்தார். தை மாதப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லையாம். இனி ஆடவில்லை என்று சொல்லிவிட்டாளாம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

"அதுவும் நல்லதுதான். இன்னொரு தடவ இப்படித் தூக்கிப் போட்டா யாரு தாங்குறது?" என்றார் ஒருவர்.

"விசிலுக்கு நிக்கணும்ங்க" என்று கண்டக்டர் தன் பழைய தீர்ப்பை மறுபடி வாசித்தார்.

எங்கள் டிரைவர் அதிகம் பேசமாட்டார். கூடைப்பந்தில் அவருக்கு ஆர்வமும் கிடையாது. அன்று கியரை மாற்றிக்கொண்டே முன்னாலிருந்து கண்டக்டரிடம் சொன்னார்: "எங்க நிக்கிறது? கூட்டத்துல நீ பின்னாடி மாட்டிக்கிட்டு இருப்ப. உள்ள இருக்கிற சனம் மொத்தமும் ரைட் ரைட்டுன்னு கத்தும். நான் வண்டிய எடுத்துருவேன். எத்தன தடவ எடுத்திருக்கேன். நீ என்னையவா திட்டுன? ரைட்டு சொன்னது எவன்டான்னுதான கேட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபோது குரல் வழக்கத்தை விடப் பெரிதாகவே வந்தது.

"ரைட்டு சொன்னது நாந்தான்."

மூன்றுக்குப் பிறகு ஏழு வராததைச் சொன்னேன். நான்கு விநாடியைச் சொன்னேன். போனைச் சத்தமாக வைத்து, ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குக் கொடுத்தேன். முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எண்ணவே இல்லையே" என்றார் தபால் ஆபீஸ்காரர். "நான் அன்னக்கி பின்னால நின்னேன்" என்றார் வங்கிக்காரர். ஊரே கத்திய கத்தலில் கத்தியவர் என்று ஒருவர்கூட இல்லை. போன் இரண்டாவது முறை சுற்றி வந்தபோது தபால் ஆபீஸ்காரர் அதைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். "இந்த 'ஒண்ணு' என்னுதுதான்" என்றார் மெதுவாக. பிறகு புதுக்கோட்டை வரும் வரை கோச்சைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேச்சு வரவில்லை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கே நிலையத்துக்குப் போனேன். ஆறு ஐம்பது வண்டியில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் பையைத் தூக்கப் பார்த்தார். "ஆள் வருது" என்றேன். அவள் ஏறினாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"என்னக்கா இந்த வண்டில?"

"ஒனக்கு எடம் போட வந்தேன். ஒக்காரு."

உட்கார்ந்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பதென்று ராத்திரி யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "மூணுக்கு அப்பறம் ஏழுன்னு சொல்லியிருக்கணும்மா. சொல்லல. தப்பு என்னுது" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்ப தெரியும்?"

"பந்து கீழ வாரதுக்குள்ளயே. நேரம் முடிஞ்சா டேபிள்ல கையத் தூக்குவாங்கள்ல, யாரும் தூக்கல."

"பெறகு ஏன்டி ஒரு வார்த்த சொல்லல? ஊரே ஒன்னத் திட்டுது. அன்னக்கி நீ பின்னால நிக்கிறது தெரியாம நானே..."

"கேட்டேன்க்கா. ஒங்க குரலு கேக்காமயா போகும்?" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் சொல்லியிருந்தா ஒங்களப் பேசுவாங்க. நீங்க மைதானத்துப் பக்கமே வர மாட்டீங்க. நான் ஆடாமக்கூட இருந்துருவேன். நீங்க கத்தாம இருப்பீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையிலும் என் குரல் சின்னதில்லை. முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக்கா, மெதுவா" என்றாள். என்னை விட இருபது வயது சின்னவள். மூன்று வருஷமாக அவளுக்கு நான்தான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்தவளுக்கு ஒரு வேலையும் ஒரு கூட்டமும் கொடுத்தவள் அவள். அதை இழக்கவிடாமல், தன் நல்ல பெயரை விலையாகக் கொடுத்துக் காப்பாற்றியும் வைத்திருந்தாள். இதை அன்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

"தைக்குப் பேரு குடு" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"விசிலுக்கு நிக்காதது என் தப்புதான்க்கா. அதையும் சேத்து நீங்க எடுத்துக்கிறாதீங்க" என்றாள். அப்புறம், "குடுக்குறேன். ஆனா இனிமே ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைதான். யாருகிட்ட பந்து இருந்தாலும்" என்றாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஏழு நாற்பது வண்டியில் நான் பையை வைக்கப் போனபோது, அந்த இருக்கையில் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்தது. "ஆள் வருது மேடம்" என்றார் தபால் ஆபீஸ்காரர். அவள் ஏறியதும் துண்டை உதறி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் மட்டும் அவளிடம் டிக்கெட்டைக் கொடுக்கும்போது, "நல்லா ஆடுங்க டீச்சர்" என்றார்.

தை மாதம் எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். வெயில் அதே இடத்தில் அடித்தது. மேஜைக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஏழு நாற்பது வண்டி மொத்தமும். பந்து வெளியூர் அணியிடம் இருந்தபோது கடிகாரம் பத்துக்கு வந்தது. நான் எழுந்து, கடிகாரத்தோடு ஒட்டியே எண்ணினேன். பழக்கத்தில் வேகமாக எண்ணிய இரண்டு பேரைத் திரும்பி முறைத்தேன். ஐந்தில் பந்து அவள் கைக்கு வந்தது. அடுத்து நான்கு சொன்னேன். எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம், பயப்பட ஒன்றுமில்லை. இருந்தும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"மூணு. ரெண்டு. ஒண்ணு. ஜீரோ."

விசில் வரவில்லை. அதற்குள் அவள் பந்தைத் தலைக்கு மேலே வீசிவிட்டாள். எனக்குப் பின்னால், "ஐயையோ, மறுபடியுமா!" என்று கண்டக்டர் அலறினார். அவள் நடுவர் பக்கம் திரும்பவே இல்லை. கையை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே விசில் வந்தது.